வாசலில் விழுந்த எண்ணெய்

வணக்கம் நேயர்களே. பேச வரச் சொன்னபோதே சொல்லிவிட்டேன், நான் மெக்கானிக் இல்லை. நாமக்கல் பக்கத்தில் 1998 மாடல் டாடா 407 ஒன்றை வைத்துக்கொண்டு காய்கறி லோடு அடிப்பவன். லாரிக்கு பாடி கட்டுவதற்கும் முட்டைக்கும் பேர்போன ஊர் எங்களுடையது. பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம் ஏன் வீட்டில் படுத்துக்கொண்டு கேஸ்கட் மாற்ற வேண்டும்? எண்ணெய் ஒழுகாமல் இரண்டு பாகங்களுக்கு நடுவில் வைக்கும் பட்டைதான் கேஸ்கட், பேக்கிங் என்றும் சொல்வோம். பட்டறையில் விட்டால் இரண்டு நாள் லோடு போய்விடும், அது ஒன்று. இன்னொன்று, வாசலில் வண்டி நிற்கும் இடத்தில் தினம் காலையில் கருப்பாக ஒரு எண்ணெய்த் திட்டு. கோலம் போடும் இடத்தில் அது கிடந்தால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

407 வந்தது 1986-இல். என் வண்டியில் இருப்பது 497 எஞ்சின். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம். பேரிலேயே கணக்கு இருக்கிறது. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் பயமில்லாமல் கை வைக்கலாம். நானும் வைத்தேன், தப்பான இடத்தில்.

சொட்டு விழுந்தது சேம்பரின் அடியில். அதாவது ஆயில் சம்ப், எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி. எங்கள் பக்கம் சேம்பர் என்றால்தான் தெரியும். சரி, சேம்பர் பேக்கிங் போய்விட்டது என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிறு முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்து புதுசு போட்டேன். புதன்கிழமை அதே திட்டு. எங்கள் தெருவில் வயதான மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். "ஏனுங்கண்ணா, புது பேக்கிங்கும் ஒழுகுதுங்களே?" என்று போய் நின்றேன். அவர் பீடியைக் கூட எடுக்காமல் கேட்டார்: "ஏன் கண்ணு, எண்ணெய் மேலருந்து கீழ வருமா, கீழருந்து மேல போகுமா?"

அவ்வளவுதான். சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. எஞ்சின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் டேப்பட் கவரின் பின்மூலையில் கசிகிற எண்ணெய் பிளாக்கின் பக்கவாட்டில் வழிந்து, ஃபேன் காற்றும் ஓட்டத்தின் காற்றும் தள்ளத் தள்ளப் பின்னால் போய், கடைசியில் சேம்பர் விளிம்பில் வந்து தொங்கும். நாம் சேம்பரைத் திட்டுவோம்.

அதனால் முதல் வேலை கழற்றுவது இல்லை, கழுவுவது. ஆறிய எஞ்சினை டீசலும் பிரஷ்ஷும் வைத்து நன்றாகக் கழுவித் துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். அப்புறம் சந்தேகப்படுகிற இணைப்புகள் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பவுடர் எங்கே முதலில் நனைந்து கோடு போடுகிறதோ அதுதான் இடம். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, முன்சக்கரம் எந்தப் பக்கம் என்று பேனாவால் குறித்துவிடுவேன். காலையில் எத்தனை சொட்டு, எந்த இடத்தில் என்று அட்டை சொல்லிவிடும். வழுவழுப்பாகக் கருப்பா, டீசல் வாடையா, ரேடியேட்டர் தண்ணீரா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவதாக மேஸ்திரி பார்க்கச் சொன்னது ப்ரீதர். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் கீழே இறங்கும். அது வெளியே போக வைத்திருக்கும் மூச்சுக்குழாய்தான் ப்ரீதர். என் வண்டியில் அது எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து களிமண் மாதிரி அடைத்துக் கிடந்தது. மூச்சு விட வழியில்லாத எஞ்சின் என்ன செய்யும்? உள்ளே அழுத்தம் ஏறி, எந்தக் கேஸ்கட் பலவீனமோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். கேஸ்கட் மேல் கேஸ்கட்டாக மாற்றினாலும் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் சரி. குப் குப்பென்று புகை அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, அந்த ஒழுக்குக்குக் கேஸ்கட் மருந்தாகாது.

ப்ரீதரைக் கழுவி மாட்டியதுமே பாதி ஒழுக்கு நின்றது. செலவு, ஒரு லிட்டர் டீசல்.

மீதிக்கு டேப்பட் கவர். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். கவரைச் சுற்றியிருக்கும் மண்ணைத் துடைக்காமல் தூக்கினால் அத்தனையும் வால்வு மேலேயே விழும். பழைய பேக்கிங் காய்ந்து ஒட்டியிருக்கும். அதை எமரி தாளோ சுழலும் பிரஷ்ஷோ போட்டுத் தேய்க்காதீர்கள். எமரி மணல் எண்ணெயில் கலந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். இன்னொன்று, பழைய எஞ்சின் கேஸ்கட்டுகளில் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. எண்ணெயில் நனைத்து ஊறவிட்டு, பித்தளைத் தகட்டால் மெதுவாகச் சுரண்டுவதுதான் நல்லது. கார்க் பேக்கிங் வாங்கி நாளாகிச் சுருங்கியிருந்தால் தூக்கிப்போட வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் பழைய அளவுக்கு விரிந்துவிடும்.

நிறையப் பேர் கோட்டைவிடுவது முறுக்குவதில். ஒழுகக் கூடாதே என்ற பயத்தில் பலத்தையெல்லாம் காட்டுவோம். தகரக் கவர் போல்ட் இருக்கும் இடத்தில் குழிந்து, நடுவில் மேடாகி நிற்கும், அங்கேதான் ஒழுகும். என் சேம்பரின் விளிம்பும் அப்படித்தான் எனக்கு முன்னால் யாரோ முறுக்கியதில் வளைந்திருந்தது. தட்டையான இரும்பின் மேல் வைத்து, ஓட்டையைச் சுற்றி லேசாகத் தட்டி நேராக்கிய பிறகுதான் பேக்கிங் உட்கார்ந்தது. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். சிலிக்கான் பேஸ்ட் தேவைப்பட்டால் நூல் கனத்துக்குப் போதும். அதிகம் வைத்தால் வெளியே பிதுங்கும் அளவு உள்ளேயும் பிதுங்கும். அது அறுந்து விழுந்து ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். இது கேள்விப்பட்டதல்ல. நான் வைத்த பேஸ்ட்டை நானே அந்த வலையிலிருந்து சேமியா மாதிரி உருவி எடுத்தேன்.

சின்னச் சின்னக் கவர்களுக்குக் கடையில் பேக்கிங் கிடைக்காவிட்டால் மேஸ்திரி ஒரு வித்தை செய்வார். பேக்கிங் பேப்பரை அந்தக் கவர் மேலேயே வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரத்தில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போவார். விளிம்பு அச்சாகி அறுபடும். போல்ட் ஓட்டைக்கு மேல் பேரிங்கில் இருக்கும் இரும்புக் குண்டு, பால்ரஸ் குண்டு, ஒன்றை வைத்து ஒரே தட்டு. வட்டமாகத் துளை விழுந்துவிடும். ஸ்கேல் இல்லை, பென்சில் இல்லை. எனக்கு ஆறாவது பேப்பரில்தான் ஒழுங்காக வந்தது.

வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் கனமான கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். வடித்த எண்ணெயை சாக்கடையில் ஊற்றாதீர்கள், பழைய ஆயில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டில் மட்டும் நான் கை வைப்பதில்லை. ஆயில் குச்சியில் பால் கலந்த டீ மாதிரி நிறம், ரேடியேட்டரில் குமிழி, இதெல்லாம் தெரிந்தால் வண்டி பட்டறைக்குத்தான். ஹெட்டைக் கழற்றினால் அது வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டமும், இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும், வளைந்திருந்தால் லேத்துக்குப் போக வேண்டும், போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து அளவோடு முறுக்க வேண்டும். போல்ட் ஓட்டையில் எண்ணெய் தேங்கியிருப்பதைக் கவனிக்காமல் முறுக்கினால் பிளாக்கே விரிசல் விடும். வாசலில் செய்கிற வேலை இல்லை அது. கியர்பாக்ஸை இறக்கினால்தான் எட்டும் பின்பக்க ஆயில் சீலும் அப்படியே.

அட்டைப்பெட்டி இன்னும் வண்டிக்கு அடியில்தான் கிடக்கிறது. இன்று காலை அதில் ஒரே ஒரு சொட்டு, முன்பக்கம், எஞ்சின் முகப்பில் டைமிங் கியர்களை மூடியிருக்கும் டைமிங் கவருக்கு நேராக. ஆடிப் பதினெட்டு லோடெல்லாம் முடியட்டும், அப்புறம் அதைக் கழுவி, பவுடர் தூவிப் பார்க்கிறேன். வணக்கம்.