மலையில் நடந்த ஆய்வு மலைக்காரர் கையில்

(கொடைக்கானலில் ஆய்வு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மாணவர்களும் ஆசிரியர்களும் வருவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்திலிருந்து பூண்டு விவசாயிகளும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ரொம்ப மகிழ்ச்சி. மக்கள் பணத்தில் நடக்கும் ஆய்வை யாரும் காசில்லாமல் படிக்க வேண்டும் என்பதைப் பற்றிய இந்தப் பேச்சு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நம் ஊர் சூரிய ஆய்வகத்திலிருந்தே தொடங்குகிறேன். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கே சூரியப் புள்ளிகளின் (சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள்) ஒளியைப் பிரித்து, அந்த நிறமாலையை ஆராய்ந்தார். புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்க இன்றும் பாடம் நடத்துகிறார்கள். அதை அவர் வெளியிட்டது கொடைக்கானல் ஆய்வகத்தின் சொந்த அறிக்கை வரிசையில். இன்று கையில் போன் உள்ள யாரும் காசு கட்டாமல் அதைப் படிக்கலாம். 1904 முதல் இங்கே எடுத்துவந்த சூரியப் படங்களையும் இந்திய வானியற்பியல் நிறுவனம் ஸ்கேன் செய்து பொதுவில் வைத்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய சூரியனைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் வெளிநாட்டு ஆய்வாளர்களும் இந்த மலையில் எடுத்த படங்களைத் தேடி வருகிறார்கள்.

இப்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். உங்கள் மலைப்பூண்டைத் தாக்கும் ஒரு நோயைப் பற்றி அரசுப் பணத்தில் ஆய்வு நடக்கிறது. தோட்டம் உங்களுடையது. பணம் மக்களின் வரிப்பணம். கட்டுரை எழுதியவருக்கு ஆய்விதழ் ஒரு ரூபாய் தருவதில்லை. அதைப் படித்துச் சரிபார்க்கும் சக ஆய்வாளர்களும் பெரும்பாலும் ஊதியமில்லாமல்தான் செய்கிறார்கள். அப்புறம் அது சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்று பூட்டப்படுகிறது. ஒரே ஒரு கட்டுரையைத் திறக்க ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

இந்தப் பூட்டைத் திறக்க முயன்றவர்கள் பலர். 1991இல் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் இணையதளத்தில் இயற்பியலாளர்கள் தங்கள் கட்டுரைகளை இலவசமாகப் போட்டார்கள். 2002இல், ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்க விட வேண்டும் என்று கேட்ட புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. 'திறந்த அணுக்கம்' என்ற பெயரில் அது ஓர் இயக்கமானது. நம் நாட்டில் சென்னையைச் சேர்ந்த சுப்பையா அருணாசலம் இதற்காக நீண்ட காலம் எழுதினார், பேசினார்.

ஆனால் வழியில் ஒரு திருப்பம் நடந்தது. இதை மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பெரிய பதிப்பகங்கள் வாசகரிடம் வாங்கிய பணத்தை எழுதுபவரிடம் வாங்கத் தொடங்கின. 2021இல் நேச்சர் இதழ் ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட வைத்த விலை 9,500 யூரோ. நம் பணத்தில் 8 லட்சத்துக்கு மேல். ஒரு மலைக்கல்லூரி ஆய்வு மாணவி எங்கே போவாள்? படிக்க முடியாமல் இருந்தவள் இப்போது எழுத முடியாமல் போகிறாள். போதாததற்கு, பணம் கட்டினால் எதையும் அச்சேற்றும் போலி இதழ்களும் இந்த வழியில்தான் பெருகின.

மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025இல் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். அரசே சந்தா கட்டுவதால் அரசுக் கல்லூரிகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களைப் படிக்கலாம். அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனாலும் அது சந்தாதான். அரசு நிறுவனங்களுக்கு வெளியே இருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் விவசாயிக்கும் அது திறக்காது. அத்தனை பணத்தில் ஒரு பங்கையாவது, படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் காசு கேட்காத இதழ்களை நம் பல்கலைக்கழகங்கள் நடத்துவதற்குத் தர வேண்டும். பிரேசிலில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய சைலோ என்ற இணைய இதழ்த் தொகுப்பு, பொதுப்பணத்தில் திறந்த இதழ்களை வளர்க்க முடியும் என்று காட்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து 2009 முதல் வரும் 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா'வைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிரினங்கள் பற்றி அதில் வரும் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையை எந்த இதழில் போட்டாலும், ஏற்கப்பட்ட உங்கள் கைப்பிரதியை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இணையக் களஞ்சியத்தில் வைக்க அந்த இதழ் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பல இதழ்கள் அனுமதிக்கின்றன. 2014இலேயே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும், தங்கள் நிதியில் நடந்த ஆய்வை இப்படி வைக்க வேண்டும் என்று கொள்கை வகுத்துவிட்டன. அப்படி வைத்த பிறகு, அதன் சாரத்தைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, ஆய்வுக்குத் தோட்டம் தந்தவரிடம் நேரில் கொடுங்கள்.