ஆங்கிலத்தில் தூக்கம் வராது

வணக்கம் நேயர்களே. வேலை முடித்துவிட்டு மாலையில் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களுக்குப் பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன். நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். அதனால் "மேடம், ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்" என்று யாராவது ஒருவர் தினமும் சொல்லிவிடுவார்.

அந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குக் கோபமே வருவதில்லை. அது சுத்தமான தமிழ், உடுப்புதான் ஆங்கிலம். நமக்குத் தூக்கம் வரும், பசி வரும், இருமல் வரும். எல்லாம் எங்கிருந்தோ வந்து சேரும். நாம் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையைப் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்போம். ஆங்கிலத்தில் அந்த வருகை கிடையாது. ஆள்தான் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார்: "ஐ ஆம் ஸ்லீப்பி", இல்லையென்றால் "ஐ ஃபீல் ஸ்லீப்பி". புரண்டு புரண்டு படுத்தும் தூக்கம் பிடிக்காவிட்டால் "ஐ கான்ட் ஸ்லீப்". அங்கேயும் 'கெட்டிங்' வேண்டாம்.

அடுத்த சிக்கல் கொஞ்சம் பெரியது. 'பத்து மணிக்குத் தூங்கினேன்' என்கிறோம். படுத்தது பத்து மணிக்கா, கண் அசந்தது பத்து மணிக்கா? நாம் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆங்கிலம் பிரிக்கும். படுக்கப் போவது "கோ டு பெட்". கண் அசருவது "ஃபால் அஸ்லீப்". தூக்கத்தில் இருக்கும் நிலை "அஸ்லீப்". முழிப்பு வருவது "வேக் அப்". பாயைச் சுருட்டிவிட்டு எழுந்திருப்பது "கெட் அப்". ஐந்து மணிக்கு "வேக் அப்" ஆகி, ஆறரை மணிக்கு "கெட் அப்" ஆகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! நடுவிலுள்ள ஒன்றரை மணி நேரம் செல்ஃபோனுக்கு.

இந்தப் பிரிவினை எங்கே காலை வாரும் என்றால், தவறவிட்ட ஃபோன் அழைப்பில். 'நீங்கள் கூப்பிட்டபோது தூங்கிட்டேன்' என்பதை அப்படியே "வென் யூ கால்ட், ஐ ஸ்லெப்ட்" என்று அனுப்பினால், நீங்கள் கூப்பிட்டீர்கள், உடனே எனக்குக் கண்ணைச் சொருகிவிட்டது என்பதுபோல் ஆகிவிடும். "ஐ வாஸ் அஸ்லீப்" என்று சொல்லுங்கள், பிரச்சினை இல்லை.

இந்த 'அஸ்லீப்' ஒரு சுவாரசியமான சொல். முன்னால் ஒட்டியிருக்கும் 'அ', பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்ற தனிச்சொல்லாக இருந்து தேய்ந்தது. அதாவது 'தூக்கத்தில்' என்பதுதான் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டது. உயிரோடு என்று பொருள்படும் 'அலைவ்' என்ற சொல்லும் அப்படி வந்ததுதான். அதனால்தான் "த பேபி இஸ் அஸ்லீப்" சரி, "அஸ்லீப் பேபி" தப்பு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வேண்டுமென்றால் "ஸ்லீப்பிங் பேபி". மாணவர்களிடம் காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்ன வருடங்களில் ஒருவரும் அதை நினைவில் வைத்ததில்லை.

"கோ டு பெட்" என்பதில் 'த' கிடையாது. 'த' போட்டால் கட்டில் என்கிற மரச்சாமானை நோக்கி நடக்கிறீர்கள்.

இப்போது நானே மாட்டிக்கொண்ட கதை. ஆசிரியர் வேலைக்கு வருவதற்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். வெளிநாட்டு மேலாளர் ஒருவரோடு காலையில் ஃபோனில் பேச்சு. முந்தின இரவு ஒரு மணி வரை கண்விழித்து அறிக்கை தயாரித்திருந்தேன். அதைச் சொல்லி நல்ல பேர் வாங்க நினைத்து, "ஐ ஸ்லெப்ட் லேட்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்த அம்மா, அலாரம் வைத்துக்கொள்ளலாமே என்று மரியாதையாகச் சொன்னார். 'ஸ்லீப் லேட்' என்றால் அவர்களுக்கு விடிந்தும் வெகுநேரம் தூங்குவது! நான் சொல்லியிருக்க வேண்டியது "ஐ ஸ்டேய்ட் அப் லேட்". அந்த ஒரு மணி வரைக்குமான உழைப்பு போயே போச்சு.

அதோடு சேர்ந்த இன்னும் இரண்டு: அலாரம் அடித்தும் தெரியாமல் தூங்கித் தொலைத்தால் "ஓவர்ஸ்லீப்". ஞாயிற்றுக்கிழமைதானே என்று வேண்டுமென்றே தூங்கினால் "ஸ்லீப் இன்". முன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், பின்னதற்கு வேண்டாம்.

கல்யாண வீட்டில் சித்தி பெண்களோடு ஒரே அறையில் படுத்திருந்ததை "ஸ்லெப்ட் வித்" என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு அவர்களிடம் வேறு அர்த்தம். "வீ ஷேர்ட் எ ரூம்" போதும்.

சின்னச் சின்னத் தூக்கங்களில் இரண்டு மொழியும் நெருங்கி வருகின்றன. நம்முடையது கோழித்தூக்கம், அவர்களுடையது பூனைத்தூக்கம், "கேட் நேப்". பஸ்ஸில் தலை தொங்கித் தொங்கி நிமிர்வது "நாட் ஆஃப்". ஆனால் சம்மணம் போட்டு உட்கார்ந்து நமக்குக் கால் மரத்துப்போகிறதே, அவர்களுக்கு அந்தக் கால் தூங்கிவிடுகிறது: "மை ஃபுட் ஃபெல் அஸ்லீப்". இதை முதல்முறை கேட்டபோது வகுப்பே சிரித்தது.

கடைசியாக ஒன்று. ஒரு முடிவு கேட்கிறீர்கள், எதிரில் இருப்பவர் "லெட் மீ ஸ்லீப் ஆன் இட்" என்கிறார். கோபப்படாதீர்கள். ஒரு ராத்திரி யோசித்துவிட்டுக் காலையில் சொல்கிறேன் என்பதுதான் அது. நம் ஊர் அலுவலகங்களில் ஃபைல் தூங்குகிறது என்கிறோமே, அந்தத் தூக்கம் வேறு. அதற்கு விடிவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வணக்கம்.