'எனக்கு' எங்கே போனது?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆங்கில வாக்கியத்துக்குள் போகலாம். அந்தச் சொல் 'எனக்கு'.

எட்டாம் வகுப்பில் ஒருமுறை காய்ச்சல் வந்து மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. திரும்பிப் போனதும் ஆங்கில ஆசிரியர் காரணம் கேட்டார். 'ஃபீவர் கேம் டு மீ, சார்' என்றேன். வகுப்பே சிரித்தது. தப்பு என்றார், ஏன் தப்பு என்று சொல்லவில்லை. அதன் பிறகு ரொம்ப நாள் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே பயந்தேன். அதே பயத்தோடு இருப்பவர்களுக்குத்தான் இந்த வீடியோ.

எனக்குக் காய்ச்சல் வந்தது. இந்த வாக்கியத்தில் வந்தது காய்ச்சல். நான் அது வந்து சேர்ந்த இடம், அவ்வளவுதான். பசிக்கிறது, தெரியும், புரிகிறது, பிடிக்கும், வலிக்கிறது என்று எதைச் சொன்னாலும் நமக்கு முன்னால் 'எனக்கு' வந்து நிற்கும். நாமாகச் செய்வதற்கு 'நான்', தானாக நமக்கு நேர்வதற்கு 'எனக்கு' என்று தமிழ் பெரும்பாலும் பிரித்து வைத்திருக்கிறது. எவ்வளவு நுட்பமான பிரிவு பாருங்கள்!

இன்றைய ஆங்கிலம் இப்படிப் பிரிப்பதில்லை. பசித்தாலும் 'ஐ ஆம் ஹங்ரி', தலை வலித்தாலும் 'ஐ ஹேவ் எ ஹெட்ஏக்', தெரியாவிட்டாலும் 'ஐ டோன்ட் நோ'. எனக்கு இரண்டு தம்பிகள் என்பது 'ஐ ஹேவ் டூ யங்கர் பிரதர்ஸ்' ஆகிவிடும். எல்லா இடத்திலும் 'ஐ' எழுவாயாகி முன்னால் வந்துவிடுகிறது. அன்றைக்கு நான் 'ஐ ஹேட் எ ஃபீவர்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

சரி, ஏன் இந்தப் பிடிவாதம்? 'வந்தேன்' என்றாலே வந்தது நான் என்று தெரிந்துவிடும். 'வந்தாய்', 'வந்தார்கள்' எல்லாம் அப்படியே, ஆள் யார் என்பது விகுதியிலேயே இருக்கிறது. 'கேம்' என்று மட்டும் சொன்னால் யார் வந்தது? 'ஐ கேம்', 'யூ கேம்', 'தே கேம்', மூன்றிலும் வினை மாறவே இல்லை. அதனால் எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்ல ஆளே இல்லாவிட்டாலும் ஒரு வெற்றுச் சொல்லையாவது கொண்டுவந்து வைப்பார்கள். 'இட் இஸ் ரெயினிங்' என்பதில் அந்த 'இட்' எது? எதுவும் இல்லை, இடத்தை நிரப்ப வந்த சொல். வெளியே நாய் நிற்கிறது என்பதற்கு 'தேர் இஸ் எ டாக் அவுட்சைட்' என்கிறார்களே, அந்த 'தேர்' கூட அப்படித்தான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பேசிய பழைய ஆங்கிலத்திலும் 'எனக்கு' இருந்தது! அதில் பெயர்ச்சொற்களுக்கு நம்மைப் போலவே வேற்றுமை விகுதிகள் உண்டு. 'எனக்குப் பசிக்கிறது' என்ற அமைப்பிலேயே பேசினார்கள். இன்றைய 'லைக்' என்ற வினைக்கு அன்று 'பிடித்தமாக இருத்தல்' என்று பொருள். 'ராஜாவுக்குப் பேரிக்காய்கள் பிடித்திருந்தன' என்று நாம் சொல்வது போலவே அன்றைய வாக்கியமும் இருக்கும்: ராஜா நான்காம் வேற்றுமையில், வினை பேரிக்காய்களோடு சேர்ந்து பன்மையில்.

அப்புறம் அந்த விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. 'ராஜாவுக்கு' என்று காட்ட வழியில்லாமல் வெறும் 'ராஜா' முன்னால் நின்றது. முன்னால் நிற்பவர்தான் எழுவாய் என்று பழகியவர்கள் காதில் அது 'ராஜா பேரிக்காயை விரும்பினார்' என்றே விழுந்தது. அதனால்தான் இன்றைக்கு 'தி கிங் லைக்ட் பேர்ஸ்'.

முழுவதும் அழிந்தும் போகவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் 'மீதிங்க்ஸ்' என்று ஒரு சொல் வரும். அதிலுள்ள 'மீ' நம் 'எனக்கு'தான். 'எனக்குத் தோன்றுகிறது' என்பதே அதன் நேர்ப்பொருள்.

ஆகவே 'ஃபீவர் கேம் டு மீ' என்று உங்கள் பிள்ளை சொன்னால் சிரிக்காதீர்கள். தமிழின் ஒழுங்கை அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டுபோகிறது, பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு மாற்றத்தை மட்டும் காட்டுங்கள்.

இன்று இரவு மூன்று வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: எனக்குத் தூக்கம் வருகிறது. அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது. எங்களுக்கு இந்த வீடு பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லும்போது முன்னால் 'ஐ', 'ஷீ', 'வீ' வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.