காக்கை எச்சமும் காட்மியம் சல்பைடும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மழைக்காலம் முடிந்த சமயம். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக்கோடி விளக்கு மூன்று நாளாகப் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் வீணாகிறதே என்று ஆளாளுக்கு முணுமுணுத்தோம். போன் செய்தது எதிர்வீட்டு அக்கா மட்டும்தான். லைன்மேன் வந்தார், ஏணியைச் சாய்த்தார், மேலே இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியை ஈரத்துணியால் துடைத்தார். அரை நிமிஷத்தில் விளக்கு அணைந்தது. "காக்கா எச்சம் சார்" என்றார். அவ்வளவுதான் ரிப்பேர்.

அந்த மூடிக்குள் இருப்பதை எல்.டி.ஆர். என்பார்கள், வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு சின்ன உறுப்பு. சட்டைப் பொத்தான் அளவுதான். மேலே பாம்பு நெளிவது போல ஒரு கோடு ஓடும். அந்தக் கோடுதான் காட்மியம் சல்பைடு, அதாவது காட்மியம் என்ற உலோகமும் கந்தகமும் சேர்ந்த பொருள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய சார்ஜர் குவியலுக்குள் கிளறி இருபது ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்து மல்டிமீட்டரில் மாட்டிப் பார்த்தேன். கைப்பிடிக்குள் இறுக்கி மூடினால் மின்தடை பத்து லட்சம் ஓமைத் தாண்டுகிறது. மொட்டைமாடி வெயிலில் காட்டினால் சில நூறு ஓம்தான். பேட்டரி கிடையாது, அசையும் பாகம் கிடையாது. வெளிச்சம் பட்டால் மின்சாரத்துக்கு வழிவிடும். இருட்டினால் வழியை அடைக்கும். வழி அடைபட்டால் விளக்கு எரியும்படி சுற்றை அமைத்திருப்பார்கள். எச்சம் விழுந்து மூடியதும் பாவம், அது ராத்திரி வந்துவிட்டது என்றே நம்பியிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? காட்மியம் சல்பைடு ஒரு குறைக்கடத்தி, அதாவது செம்புக் கம்பி போல மின்சாரத்தைத் தாராளமாகவும் விடாது, ரப்பர் போல முழுக்கத் தடுக்கவும் செய்யாது. அதற்குள் எலக்ட்ரான்கள் தெருவில் நிற்கின்றன. ஓடித் திரிய வேண்டுமானால் ஒரு திண்ணை ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையின் உயரம் 2.42 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் அலகு). ஒளித்துகள் ஒன்று மோதித் தூக்கிவிட்டால்தான் ஏற முடியும். பாதி இன்றைக்கு, மீதி நாளைக்கு என்ற தவணைக் கணக்கெல்லாம் இங்கே கிடையாது. சிவப்பு ஒளியின் துகளுக்கு 1.8 அளவுதான் பலம், அதனால் முடியாது. நீல ஒளிக்கு 2.7 உண்டு, தூக்கிவிடும். நீலம் உள்ளேயே செலவாகிவிட, பச்சையும் மஞ்சளும் சிவப்பும் திரும்பி வருகின்றன. அதனால்தான் இந்தப் பொருள் மஞ்சளாக இருக்கிறது! ஓவியர்கள் பயன்படுத்தும் காட்மியம் மஞ்சள் இதேதான். நிறத்தைப் பார்த்தே திண்ணையின் உயரத்தை மட்டுக்கட்டலாம் என்பது எனக்கு இன்றும் அலுக்காத வேடிக்கை.

எல்.டி.ஆர். செய்யும்போது துளி செம்பு போன்றவற்றைக் கலப்பார்கள். அப்போது அது மிகக் கூர்மையாக உணர்வது, ஏறத்தாழ 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை. நம் கண் பகலில் கூர்மையாகப் பார்ப்பது 555. அதாவது நமக்கு மசங்கும்போது அதற்கும் மசங்குகிறது. வேகம் குறைவுதான், சில பத்து மில்லி வினாடி பிடிக்கும். டி.வி. ரிமோட்டுக்கு உதவாது, விளக்கேற்றும் நேரம் பார்க்க என்ன அவசரம்?

கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் இதை பீக்கரிலேயே செய்திருக்கிறோம். காட்மியம் உப்பு, அம்மோனியா, கந்தகம் தரும் தயோயூரியா, எழுபது டிகிரிச் சூடு, உள்ளே செங்குத்தாக ஒரு கண்ணாடிச் சில்லு. தெளிந்த தண்ணீர் மெல்ல எலுமிச்சை நிறமாகும். அப்புறம் கெட்டியான மஞ்சளாகும். சில்லைக் கழுவினால் மெல்லிய மஞ்சள் படலம் ஒட்டியிருக்கும். "மாம்பழ ஜூஸ் மாதிரியே இருக்கு சார்" என்று ஒரு பையன் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க நான் படலத்தைப் பற்றிப் பேசவில்லை, ஜப்பானைப் பற்றித்தான் பேசினேன்.

அங்கே தொயாமா பகுதியில் காட்மியம் கலந்த சுரங்கக் கழிவுநீர் ஆற்றில் கலந்து, ஆறு வயலில் பாய்ந்தது. நெல் காட்மியத்தை வேரால் இழுத்து அரிசியில் சேர்த்துவிடும். சாப்பிட்டவர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்பு நொறுங்கியது. நோய்க்குப் பெயரே 'இதாய் இதாய்', அதாவது 'வலிக்குதே வலிக்குதே'. 1968இல்தான் அந்த நாட்டு அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. பாகூர் பக்கம் நெல் போடும் நேயர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி கிடந்தால் உடைக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

அதற்காகக் காட்மியத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியவில்லை. டெலூரியம் என்ற தனிமத்துடன் சேர்ந்தால் திண்ணை 1.5 அளவுக்கு இறங்கும். சூரிய ஒளிக்கு அது தோதான உயரம். சில மைக்ரான் படலமே வெயிலைக் குடித்துவிடும். வழக்கமான சிலிக்கான் தகடோ நூற்றைம்பது மைக்ரான் போல வேண்டும். காட்மியம் டெலூரைடு சூரிய மின்பலகை செய்யும் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை 2024 ஜனவரியில் நம் தமிழ்நாட்டிலேயே திறக்கப்பட்டது; ஆண்டுக்கு 3.3 கிகாவாட் திறன். அந்தச் சேர்மம் தண்ணீரில் கரையாது, இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைபட்டிருக்கிறது. ஆயுள் முடிந்த பலகையைத் திரும்ப வாங்கிப் பிரித்தெடுப்பதுதான் முக்கியம். செலீனியத்துடன் சேர்த்து நானோ துகளாக்கினால் இன்னொரு வித்தை: துகள் சிறுத்தால் நீலமாகவும் பெருத்தால் சிவப்பாகவும் ஒளிரும். 2023 வேதியியல் நோபல் பரிசு இந்த வகைக் குவாண்டம் புள்ளிகளுக்குத்தான்.

ஐரோப்பாவில் மின்னணுச் சாதனங்களில் காட்மியம் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்ததிலிருந்து, தெருவிளக்கின் உணரிகளும் சிலிக்கானுக்கு மாறி வருகின்றன. சிலிக்கான் கூர்மையாகப் பார்ப்பது 900 நானோமீட்டர் பக்கம், நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு ஒளியை. அதற்கு ஒரு வடிகட்டி போட்டு, நம்மைப் போலப் பார்க்கப் பழக்க வேண்டியிருக்கிறது.

லைன்மேனைப் போன வாரம் டீக்கடையில் பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எதை மாட்டினாலும் காக்கா அதே காக்காதானே சார்" என்றார்.

வணக்கம்.