அது தொழில்தான், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கூடைப்பந்தாட்டம் ஒரு பெண்ணுக்கு வாழ்க்கைத் தொழிலாகுமா என்பது வழக்கு. ஆகும் என்பது எங்கள் கட்சி. ஆகாது என்று வாதிட்ட எதிரணித் தலைவர் மூன்று தடைகளைச் சொன்னார். சம்பளம் போதாது, முப்பது வயதோடு முடிந்துவிடும், பிள்ளை பிறந்தால் அதோடு சரி.

சம்பளக் குறையை நான் மறுக்கவில்லை. 2015இல் அமெரிக்க வீராங்கனை டயானா டராசி, கோடையில் நடக்கும் அமெரிக்க மகளிர் கூடைப்பந்து லீக்கில் ஆடவேயில்லை. குளிர்காலத்தில் அவர் ஆடிவந்த ரஷ்யக் கழகம், கோடையில் ஓய்வெடுங்கள் என்று சொல்லி, லீக் தந்த சம்பளத்தைவிடக் கூடிய பணத்தைக் கொடுத்தது. ஆடுவதற்குக் கிடைத்ததைவிட ஆடாமல் இருப்பதற்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது! இந்தக் குறை ஆட்டக்காரியுடையதா, படியளப்பவர்களுடையதா? வலிகாமத்துத் தோட்டங்களில் வெங்காயம் நடுகிற பெண்ணுக்கும் ஆணைவிடக் குறைத்துத்தான் கூலி கொடுக்கிறோம். அதற்காக அது தொழிலில்லை என்று யாராவது சொன்னோமா? கூலியைக் கூட்டு என்பதுதானே நியாயமான பேச்சு?

வயதைப் பற்றிச் சொன்னார்கள். சூ பேர்ட் என்ற வீராங்கனை 2002இல் அதே லீக்கின் சியாட்டில் ஸ்டோர்ம் கழகத்துக்கு வந்தார். 2022இல், 41 வயதில், அதே கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார். இடையில் நான்கு லீக் பட்டங்கள், ஐந்து ஒலிம்பிக் தங்கங்கள்.

பிள்ளைப்பேற்றைச் சொன்னபோது அவையில் பலர் தலையாட்டியதைப் பார்த்தேன். அந்த லீக்கின் இன்னொரு வீராங்கனை கேண்டஸ் பார்க்கர் 2009 மே மாதம் மகளைப் பெற்றார்; அதே பருவத்திலேயே களத்துக்குத் திரும்பினார். பச்சை உடம்போடு அப்படி ஓடிவர வேண்டியிருந்தது சரியென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2020இல் லீக்கோடு வந்த ஒப்பந்தம் மகப்பேற்று விடுமுறைக்கு முழுச் சம்பளம் என்று எழுதியது. யாரும் இரங்கிக் கொடுத்ததல்ல, வீராங்கனைகளின் சங்கம் பேரம் பேசி வாங்கியது. தொழில் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. சரி, ஊருக்கு வருகிறேன். தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவர் ஆடியது வலைப்பந்து, கூடைப்பந்தல்ல. ஆனால் இரண்டுக்கும் வளையத்தின் உயரம் ஒன்றுதான், 3.05 மீற்றர். 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார்; அவுஸ்திரேலியக் கழகங்களுக்கும் ஆடினார். பெண் பிள்ளை இவ்வளவு உயரமாக வளர்ந்துவிட்டாளே என்று கவலைப்படுகிற ஊரில், அந்த உயரமே ஒரு வாழ்வுக்கு வழிவிட்டது.

என் மாணவி ஒருத்தி இருக்கிறாள். வெடித்த சீமெந்துத் தளம், வலை அறுந்த வளையம். மழை விட்டதும் தேங்கிய நீரைத் தும்புக்கட்டையால் தள்ளிவிட்டுத்தான் தொடங்குவாள். பந்தில் செம்மண் ஒட்டியிருக்கும். பாவாடையில் ஒருமுறை துடைத்து, கோட்டில் நின்று எறிவாள். தவறினால் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். மதிலுக்கு வெளியே தாய் சைக்கிளோடு காத்திருப்பார், கூடையில் ரியூசன் கொப்பிகள்.

சென்ற கிழமை அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "உயர்தரம் வருகிறது ரீச்சர், இதை விடச் சொல்லட்டுமா?"

எதிரணியினர் சொல்லச் சொல்கிற மறுமொழியை அவரிடம் சொல்ல என்னால் முடியாது, நடுவர் அவர்களே. படிப்போடு இதையும் தொடரட்டும் அம்மா என்றுதான் சொன்னேன். நாளை மாலையும் அவள் வருவாள்.