பத்தி இறக்கின வீடுகள்

வணக்கம். கட்டடக்கலை என்றதும் கோயில் கோபுரமும் மாளிகையும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் பேசப்போவது வன்னியில் நீங்கள் தினமும் பார்க்கிற வீட்டுத்திட்ட வீட்டைப் பற்றி.

2012இல், போரில் வீடிழந்தவர்களுக்காக இந்திய அரசு காசு கொடுத்த இந்திய வீட்டுத்திட்டம் இங்கே பெரிய அளவில் தொடங்கியது. வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், அதுவும் கட்டம் கட்டமாக, அதாவது ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்த காசு. வீட்டுக்காரரே மேசன் பிடித்து, மணல் ஏற்றி, சீமெந்து வாங்கிக் கட்ட வேண்டும். போரில் கணவனை இழந்த பெண்கள் தனியாக நின்று இதையெல்லாம் பார்த்தார்கள், கடனும் பட்டார்கள். ஆனாலும் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வீடு வந்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

என் கேள்வி வீட்டுப்படத்தைப் பற்றியது. அறை, விறாந்தை, குசினி எல்லாம் ஒரே கூரைக்குள். பழைய வன்னி வளவு அப்படி இல்லை. படுக்க மண்சுவர் வீடு, தள்ளிக் குசினி, முன்னால் சுவரில்லாத மால். நெல் மூட்டை, வந்த சொந்தக்காரர், ஊர் வழக்கு எல்லாம் மாலில்தான். (பழசெல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். யார் மாலில் ஏறி இருக்கலாம், யார் படலையோடு நிற்க வேண்டும் என்று சாதி தீர்மானித்த காலமும் அதுதான்.)

சரி, சனம் என்ன செய்தது? கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒழுங்கைகளுக்குள் போய்ப் பாருங்கள், முன்னால் தகரத்தில் பத்தி, அதாவது முன்சுவரோடு சேர்த்துச் சாய்வான கூரை, இறக்கியிருப்பார்கள், பின்னால் ஓலைக் குசினி போட்டிருப்பார்கள். திட்டத்தில் வந்த குசினிக்குள் சைக்கிளும் உர மூட்டையும் இருக்கும். விறகு எரிக்கிறவர்களுக்கு அந்தப் புகையை வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

2016 அளவில் அரசாங்கம் 65,000 இரும்பு வீடுகள் கொண்டுவரப் பார்த்தபோது எதிர்ப்பு கிளம்பியதற்கு வெக்கை, விலை என்று பல காரணங்கள். எனக்கு முக்கியமாகப்பட்டது, ஊர் மேசனால் அதைத் திருத்தவோ பெருப்பிக்கவோ முடியுமா என்பது.

இனி வீட்டுப்படம் கீறுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முன்சுவரைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். இப்போது இருக்கிற உயரத்தில் பத்தி இறக்கினால் சாய்வு வந்து முடிகிற இடத்தில் ஆள் குனிந்துதான் போக வேண்டியிருக்கிறது. குசினியை வெளியே போட விரும்புகிறவருக்கு அந்தக் காசை அதற்கே பயன்படுத்த விடுங்கள்.