கட்டி கரைந்த பிறகும் வாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ராப்டோமயோசார்கோமா என்று ஒரு புற்றுநோய். தசையாக வளர வேண்டிய செல்கள் தடம் மாறிப் பெருகுவதால் வருவது. அரிதான நோய்தான். ஆனால் குழந்தைகளுக்குத் தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதி இதுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலையிலும் கழுத்திலும் வருகிறது.

கண் வீங்கினால் பூச்சி கடித்திருக்கும், காதில் சீழ் வந்தால் தண்ணீர் போயிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒரு கண் மட்டும் சில வாரங்களுக்குள் பிதுங்கி வந்தால், ஒரு காதில் மட்டும் ரத்தம் கலந்த சீழோடு சதை தெரிந்தால், மூக்கில் ஒரு பக்கம் மட்டும் அடைத்து ரத்தம் கசிந்தால், மருந்து கொடுத்தும் அடங்கவில்லை என்றால், ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம் சதைப் பரிசோதனை, அதாவது கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது. கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயத்தில் நாளைக் கடத்தாதீர்கள். என்ன கட்டி என்று தெரியாமல் மருந்தைத் தொடங்க முடியாது.

கண்குழியில் இந்தக் கட்டி வந்தால் ஒரு காலத்தில் கண்ணையே எடுத்துவிடுவார்கள். 1972-இல் அமெரிக்க மருத்துவமனைகள் பல சேர்ந்து தொடங்கிய ஆய்வுகளுக்குப் பிறகு அது மாறியது. இன்று மருந்தும் கதிர்வீச்சும்தான் முதன்மைச் சிகிச்சை. கண்குழியோடு நின்ற கட்டி என்றால், முழுச் சிகிச்சை பெறும் பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். பின்னாளில் கண்புரை வரலாம், அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. மருந்துகளில் ஒன்றான வின்கிரிஸ்டின், நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. அதற்காக இலையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு.

எனக்கு அதிக வேதனை தருவது இதற்குப் பிறகு நடப்பது. சில வாரங்களிலேயே கட்டி சுருங்கிவிடும். பிதுங்கிய கண் உள்ளே போய்விடும். பிள்ளை ஓடி விளையாடும். குணமாகிவிட்டது என்று நினைத்து ஊருக்குப் போனவர்கள் திரும்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சிய செல்கள் மறுபடி வளரும்போது பழைய மருந்துக்கு எளிதில் அடங்குவதில்லை. சிகிச்சை பல மாதம் நீளும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். நடுவே ஐந்தாறு வாரம் கதிர்வீச்சு.

பெற்றோரின் அலட்சியம் என்று இதை நான் சொல்ல மாட்டேன். கூலி போகிறது, பஸ் செலவு, வீட்டில் கைக்குழந்தை. நிறுத்தலாமா என்று தோன்றும்போதே வார்டு நர்ஸிடம் சொல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு. இரண்டு ஊசி தவறிப்போயிருந்தாலும் கூச்சப்படாமல் வாருங்கள். யாரும் திட்ட மாட்டோம், அங்கிருந்து எப்படித் தொடரலாம் என்று பார்ப்போம்.